பவர் பிரஸ்ஸில் போன விரல்: “கவனக்குறைவு” என்று எழுதலாமா?

கேள்வி: ஐயா, கோவையில் ஒரு பிரஸ் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பன்னிரண்டு பவர் பிரஸ் (தகட்டை அடித்து வெட்டுகிற, வளைக்கிற மெஷின்) இருக்கின்றன. எல்லாமே கீ கிளட்ச் (சுற்றும் சக்கரத்தைப் பிரஸ்ஸோடு ஒரு கீ மூலம் இணைக்கும் பாகம்) வைத்த பழைய சி டைப். பம்பு கம்பெனிகளுக்கும் கார் பாகம் செய்கிறவர்களுக்கும் சின்னச் சின்ன ஜாப் அடித்துத் தருகிறோம். போன மாதம் நைட் ஷிஃப்டில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பீகாரிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. காலால் மிதிக்கும் பெடல் பிரஸ். டையில் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில்) மாட்டிக்கொண்ட பீஸை எடுக்கக் கையை விட்டிருக்கிறான். “எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை, அவன் தப்பு” என்கிறார் முதலாளி. அதற்கப்புறம் அந்த மெஷினுக்கு இரண்டு கைப் பட்டன் போட்டோம். ஒரே வாரத்தில் ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கி வைத்துவிட்டார்கள். இப்போது எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி, பதினைந்து நாளில் ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்து மதிப்பீடு) வேண்டும் என்கிறது. இன்டர்நெட்டில் ஒரு ஃபார்மட் எடுத்து நிரப்பிக் கொடுத்துவிடு என்கிறார் முதலாளி. லைட் கர்ட்டன் சென்சார் போடலாமா என்றால் செலவு தாங்காது என்கிறார். நான் டிப்ளமோ படித்தவன். ஃபார்மட்டை நிரப்ப ஒரு மணி நேரம் போதும். ஆனால் அப்படிச் செய்ய மனது வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

— பெயர் வேண்டாம், கோவை

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் மூன்று நான்கு விஷயங்கள் இருக்கின்றன. முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடுவோம். ஃபார்மட்டுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது, அவன் விஷயம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

விபத்து பற்றி இ.எஸ்.ஐ.க்கு அறிக்கை போய்விட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. போகவில்லை என்றால் நாளைக்கே அனுப்ப வையுங்கள். வேலை செய்ய முடியாமல் இருக்கிற நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அவனுக்கு வர வேண்டும். காயம் ஆறிய பிறகு மருத்துவ வாரியம் பார்த்து நிரந்தர ஊனத்தைக் கணக்கிட்டால் மாதாமாதம் ஒரு தொகை ஆயுள் முழுவதும் வரும். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் 11 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. முழு விரலுக்கு 14, கட்டைவிரலுக்கு 30. அறிக்கை போகாவிட்டால் இதெல்லாம் அவனுக்கு எட்டாது. ஊருக்குத் திரும்பிவிட்டால் யாரும் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதில்லை. 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இதை மறைத்துவிட்டு கஸ்டமர் கம்பெனிக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் கொடுத்தால், அந்தத் தாளின் முதல் வரியே பொய்யாகிவிடும்.

அடுத்தது, “அவன் தப்பு”. முதலாளியிடம் ஒன்று சொல்லுங்கள். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் எழுதினவர்களே தொழிலாளியின் வெறும் கவனக்குறைவை ஒரு சாக்காக ஏற்கவில்லை. குடித்திருந்தால், கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்பு மூடியை (கார்டை) வேண்டுமென்றே கழற்றியிருந்தால், பாதுகாப்புக்காகத் தெளிவாகப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால் என்று சில விலக்குகளைத்தான் சொன்னார்கள். உங்கள் பிரஸ்ஸில் கழற்றுவதற்கு ஒரு கார்டே இல்லையே.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொழிற்சாலையில் இதே மாதிரி ஒரு விரல் போனது. விபத்து அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழு மாதம் கழித்து அதே பிரஸ்ஸில் வேறு ஒருவருக்கு அதே விரல் போனது. இரண்டாமவர் பதினைந்து வருஷ அனுபவசாலி. கிளட்ச் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்க்கும் புத்தி எனக்கு அப்போதுதான் வந்தது. கீயின் விளிம்பு தேய்ந்து, பழைய சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. பெடலை மிதிக்காமலேயே ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கிற பாகம்) இரண்டாவது முறை இறங்கியிருக்கிறது. முதல் விபத்தன்றே அந்த மூடியைத் திறந்திருந்தால் இரண்டாவது விரல் பிழைத்திருக்கும். கவனக்குறைவு என்று எழுதியவுடன் தேடுவது நின்றுபோகிறது. அந்த வார்த்தையை நான் எதிர்ப்பது அதற்காகத்தான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? நாளைக்கு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிரஸ் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையில் தாள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். ஆபரேட்டரின் கை டைக்குள் எத்தனை முறை போகிறது? மணிக்கு ஆயிரம் பீஸ் என்றால் எட்டு மணி நேரத்தில் எட்டாயிரம் முறை. எட்டாயிரம் முறையும் காலும் கையும் தாளம் தப்பாமல் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதனிடம், அதுவும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, எதிர்பார்க்கிறோம். எட்டாயிரத்தில் ஒன்று தவறினால் அதைக் கவனக்குறைவு என்கிறோம். அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதலாளியிடம் என்ன பேசுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள்.

எண்ணும்போது இன்னொன்றையும் பாருங்கள். பீஸ் எத்தனை முறை மாட்டுகிறது? பையன் கையை விட்டது மாட்டின பீஸை எடுக்க. நல்ல டையில் பீஸ் அடிக்கடி மாட்டாது. தகட்டை வெட்டுகிற பஞ்ச் மழுங்கியிருக்கலாம், பீஸைப் பிரித்துவிடுகிற ஸ்ட்ரிப்பர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஷீட்டில் எண்ணெய் போதாமல் இருக்கலாம், விளிம்பில் பர் (பிசிறு) ஏறியிருக்கலாம். இதை, டை செய்து பராமரிக்கிற டூல் ரூமில் உள்ளவர்கள் உங்களைவிட என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மாட்டுவதே நின்றுவிட்டால் கை உள்ளே போவதற்கான பெரிய காரணம் ஒன்று ஒழிந்தது. இதற்கு முதலாளி செலவைக் காரணம் காட்ட முடியாது. பீஸ் மாட்டினால் ரிஜெக்‌ஷனும் கூடும், டையும் கெடும் என்பது அவருக்கே தெரியும். பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இந்தப் பக்கமாக ஆரம்பித்தால் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்து மெஷின். கீ கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பாதுகாப்புக் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள். ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெடலை மிதித்ததும் கீ திரும்பி ஃபிளைவீல் காடியில் (பள்ளத்தில்) விழுகிறது, கிராங்க் ஷாஃப்ட் சேர்ந்து சுற்றுகிறது. ஒரு சுற்று முடிந்து ராம் மேலே வந்ததும்தான் கீ விடுபடுகிறது, பிரேக் பிடிக்கிறது. நடுவில் நிறுத்த வழியே கிடையாது. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் உங்கள் சென்சார் கேள்விக்கும் பட்டன் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

லைட் கர்ட்டன் போட முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் மெஷினுக்கு அது உதவாது. ஒளித்திரையைக் கை மறித்ததும் சென்சார் “நிறுத்து” என்று சொல்லும். ஆனால் கீ கிளட்ச் பிரஸ் இறங்க ஆரம்பித்த பிறகு நிற்காது. காற்றில் இயங்கும் நியூமேட்டிக் கிளட்ச், நல்ல பிரேக் உள்ள பிரஸ்ஸுக்குத்தான் அது பொருந்தும். விற்க வருகிறவர் இதைச் சொல்லாமல் மாட்டிவிட்டுப் போன பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது, எல்லோரும் தைரியமாகக் கையை விடுகிறார்கள். சென்சார் இல்லாத மெஷினைவிட அது ஆபத்து.

இரண்டு கைப் பட்டனுக்கு வருவோம். ஒரு பட்டனை டேப் சுற்றிவிட்டார்கள் என்று பையன்களைக் குறைசொல்லி எழுதியிருக்கிறீர்கள். அந்த சர்க்யூட்டைப் பாருங்கள். ஒரு பட்டனை அமுக்கியபடியே வைத்து மற்றொன்றைத் தட்டினால் மெஷின் ஓடுகிறது என்றால், எலக்ட்ரீஷியன் இரண்டு சுவிட்சை வரிசையாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். சரியான டூ ஹேண்ட் கன்ட்ரோலில் இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்த்து அமுக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டையும் விட்டால்தான் அடுத்த அடி விழும். அதற்கென்றே ரிலே இருக்கிறது. டேப் சுற்றினால் மெஷின் நின்றுவிடும் என்றால் யாரும் டேப் சுற்ற மாட்டார்கள்.

ஆனால் அதைப் போட்டாலும் உங்கள் மெஷினில் பிரச்சினை தீராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மனிதக் கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் பாயும் என்பது மெஷின் பாதுகாப்பில் உலகம் முழுக்க எடுத்துக்கொள்ளும் அளவு. நிமிடத்துக்கு 60 சுற்று ஓடும் பிரஸ், ஃபிளைவீலில் ஒரே ஒரு காடி என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அமுக்கிய நேரத்தில் காடி அப்போதுதான் கடந்து போயிருந்தால், அது மறுபடி வர முழுதாக ஒரு நொடி ஆகும். பிறகு ராம் கீழே வர அரை நொடி. ஆக ஒன்றரை நொடி. அதற்குள் கை 2.4 மீட்டர் போய்விடும். பட்டனை விட்டுவிட்டு, கோணலாக இருக்கிற பீஸைச் சரிசெய்யக் கையை விட தாராளமாக நேரம் இருக்கிறது. அப்படியென்றால் பட்டனை 2.4 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அங்கே நின்று யாரும் வேலை செய்ய முடியாது. காடிகள் கூடுதலாக இருந்தால், வேகம் அதிகமாக இருந்தால் தூரம் குறையும். உங்கள் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் இந்தக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். பட்டனை மட்டும் நம்பி எந்தப் பிரஸ்ஸை ஓட்டலாம், எதை ஓட்டவே கூடாது என்று தெரிந்துவிடும்.

அப்போது என்னதான் வழி? கை உள்ளே போகவே வேண்டியில்லாதபடி வேலையை மாற்றுவது. அதற்குப் பிறகு, கை உள்ளே போக முடியாதபடி மூடுவது. உங்களுடையது பிரஸ் பட்டறை, டூல் ரூம் இருக்கிறது, இரண்டையும் வெளியில் வாங்காமல் நீங்களே செய்துகொள்ளலாம்.

ஸ்ட்ரிப்பாக ஷீட்டை விட்டு பிளாங்க் (தட்டையான துண்டு) அடிக்கிற ஜாப் என்றால் டையைச் சுற்றி நிலையான கார்டு. ஷீட் நுழைய ஒரு சந்து, பீஸ் விழ ஒரு வழி. சந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அந்தச் சந்தும் பஞ்ச் இறங்கும் இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். உள்ளே தெரிகிற மாதிரி பாலிகார்பனேட் ஷீட்டிலோ, துளைத் தகட்டிலோ செய்யலாம். தெரியாவிட்டால் கழற்றிவிடுவார்கள், அது நியாயம்தான். வேலை தெரியாமல் எப்படி அடிப்பது? விங் நட் போடாதீர்கள். ஸ்பேனரோ ஆலன் கீயோ இல்லாமல் கழற்ற முடியாத போல்ட் போடுங்கள். அந்தச் சாவி, டை மாற்றுகிற செட்டரிடம் மட்டும் இருக்கட்டும்.

வளைக்கிற ஜாப், ஒவ்வொரு பீஸாகக் கையால் வைக்கிற ஜாப்தான் சிக்கல். இதற்கு மேஜை இழுப்பறை போல ஒரு ஸ்லைடு செய்யுங்கள். கீழ் டை, அல்லது பீஸ் உட்காரும் தட்டு, வெளியே வரும். ஆபரேட்டர் வெளியிலேயே பீஸை வைத்து உள்ளே தள்ளுவார். ஸ்லைடு முழுதாக உள்ளே போனால்தான் பெடல் லாக் விடும்படி ஒரு லிங்க் கொடுத்துவிட்டால் போதும். அடித்த பீஸைக் காற்று ஊதித் தள்ளட்டும், அல்லது சரிவுத் தட்டில் வழுக்கி விழட்டும். முதல் இரண்டு மூன்று நாள் உற்பத்தி குறையும். பழகிவிட்டால் பழைய அளவு வந்துவிடுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் டார்கெட் கேட்டு யாரையும் விரட்டாதீர்கள். விரட்டினால் நான்காம் நாள் ஸ்லைடு மூலையில் கிடக்கும்.

மாட்டின பீஸை எடுக்க அலுமினிய இடுக்கி, காந்தக் குச்சி, கொக்கிக் கம்பி ஆகியவற்றை மெஷினோடு சங்கிலியில் கட்டி வையுங்கள். அலுமினியம் என்றால் டைக்குள் மாட்டினாலும் டை உடையாது. ஆனால் இடுக்கி கார்டுக்கு மாற்று கிடையாது. பெடலுக்கு மேலே ஒரு மூடி போடுங்கள். கீழே விழுந்த பீஸ் பெடலில் பட்டு ராம் இறங்கின விபத்துகள் உண்டு.

கார்டு போட்டாலும் போடாவிட்டாலும் கிளட்ச்சைப் பார்த்தே ஆக வேண்டும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மெஷினைத் துடைத்துக் கழுவும்போது கிளட்ச் மூடியைக் கழற்றிப் பார்ப்பதோடு பல பட்டறைகளில் சரி. வருஷத்துக்கு ஒரு முறை போதாது. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும், கை வெளியே இருக்க, நாலைந்து முறை வெறும் அடி அடித்துப் பாருங்கள். ராம் ஒவ்வொரு முறையும் உச்சியில் வந்து அசையாமல் நிற்கிறதா? கொஞ்சம் தாண்டிப் போய் நின்றாலும் அந்த மெஷின் அன்றைக்கு ஓடக்கூடாது. பிரேக் லைனிங்கில் எண்ணெய் இறங்கியிருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங் அல்லது கீ போயிருக்கும். அதை நிறுத்த ஆபரேட்டருக்கே அதிகாரம் கொடுங்கள். உங்களைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றால் இரவில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

செட்டரை மறந்துவிடாதீர்கள். டை மாற்றும்போது கை முழுவதும் உள்ளேதான் இருக்கும், எந்தக் கார்டும் அப்போது இருக்காது. மோட்டாரை ஆஃப் செய்த பிறகும் ஃபிளைவீல் வெகுநேரம் சுற்றும். அதில் ஒரு அடி அடிக்கிற சக்தி மிச்சம் இருக்கும். அது நின்ற பிறகு, மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் செட்டர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ராமுக்கும் போல்ஸ்டருக்கும் (டை உட்காரும் அடித்தகட்டுக்கும்) நடுவில் ஒரு முட்டுக்கட்டை. இந்த இரண்டும் செலவே இல்லாத விஷயம், பட்டறைகளில் அதிகம் விட்டுப்போகிறதும் இதுதான்.

இப்போது அந்த ஃபார்மட். இவ்வளவும் பார்த்த பிறகு அது தானாக எழுதிக்கொள்ளும். “பவர் பிரஸ் வேலை” என்று ஒரே வரி போடாதீர்கள். பீஸ் வைப்பது, அடிப்பது, மாட்டினதை எடுப்பது, ஸ்கிராப் வாருவது, டை மாற்றுவது, ரிப்பேர் பார்ப்பது என்று வேலை வேலையாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன நடக்கலாம், நடந்தால் எவ்வளவு பெரிய சேதம், நடக்க எவ்வளவு வாய்ப்பு, இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, என்ன செய்யப் போகிறோம், யார், எந்தத் தேதிக்குள். அவ்வளவுதான்.

நான் ஆடிட்டுக்குப் போகும்போது முதலில் பார்ப்பது ஒரு இடத்தைத்தான். சேதம் 4, வாய்ப்பு 5, பெருக்கினால் 20 என்று இருக்கும். தடுப்பு என்ற கட்டத்தில் “தொழிலாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது, கையுறை வழங்கப்பட்டது” என்று எழுதி, அடுத்த கட்டத்தில் 20 எப்படியோ 6 ஆகியிருக்கும். சொன்னதால் ராமின் எடை குறைந்துவிடாது. துணிக் கையுறை 30 டன் அடியைத் தாங்காது. கார்டு போட்ட மெஷினுக்கு மட்டும் வாய்ப்பைக் குறைத்துப் போடுங்கள். போடாத மெஷினுக்கு 20 என்றே எழுதி, எந்தத் தேதிக்குள் போடுவீர்கள், அதுவரை அதை ஓட்டுவீர்களா மாட்டீர்களா என்றும் எழுதுங்கள். பயமாக இருக்கும். ஆனால் விவரம் தெரிந்த ஆடிட்டர் எல்லாமே பச்சையாக இருக்கிற தாளை நம்ப மாட்டார். மெஷினின் ஆபத்தான பாகத்துக்கு உறுதியான தடுப்பு போட வேண்டும், மெஷின் ஓடும்போது அது இடத்திலேயே இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது. அதனால் கஸ்டமர் புதிதாக எதையும் கேட்டுவிடவில்லை.

ஃபார்மட்டை நீங்கள் தனியாக உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஒரு செட்டர், ஒரு ஆபரேட்டர், இந்தி தெரிந்த ஒருவர், மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி ஒட்டுகிற அறிவிப்பும் இந்தியில் இருக்கட்டும். தமிழில் மட்டும் எழுதின எச்சரிக்கைப் பலகைக்குக் கீழே தமிழ் படிக்கத் தெரியாத பையன் வேலை செய்கிற காட்சியை எத்தனையோ இடத்தில் பார்த்தாயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கை தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் காதைக் கெடுக்கிற அளவில் இருக்கிறது, இயர் பிளக் கட்டாயம். பன்னிரண்டு பிரஸ் ஓடினால் நிச்சயம் இருக்கும். ஷீட் தூக்குகிறவர்களுக்கு வெட்டுத் தாங்கும் கையுறை, ஆனால் அதை டிரில்லிங் மெஷினில் போடக்கூடாது. தரையில் எண்ணெய் கண்டால் உடனே மரத்தூள். எர்த்தும், மின்கசிவு வந்தால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சரிபார்க்கப்பட வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். நடக்கக்கூடாது, ஆனால் நடந்துவிட்டால் என்ன செய்வது? துண்டான விரலை நேராக ஐஸில் போடக்கூடாது. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்தபடி போக வேண்டும். விரலை ஒட்டவைக்கும் நுண் அறுவை சிகிச்சைக்குப் பேர்போன ஊரில் இருக்கிறீர்கள். எந்த ஆஸ்பத்திரி, இரவில் யார் வண்டி எடுப்பது, எண் என்ன என்பதை இன்றைக்கே எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். நசுங்கின விரல் எல்லாமே ஒட்டாது. ஆனால் சுத்தமாக வெட்டுப்பட்ட விரலை ஐஸில் போட்டுக் கெடுத்துக் கொண்டுவருகிறார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் பையன் திரும்பி வந்தால் அதே பிரஸ்ஸில் உட்கார வைக்காதீர்கள். ஆனால் கார்டு செய்வதற்கு முன்னால் அவனை அந்த மெஷின் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், அவன் மொழியில் கேளுங்கள்: பீஸ் எந்த இடத்தில் மாட்டும், எதற்காகக் கையை விட வேண்டியிருந்தது, ராம் எப்போதாவது தானாக இறங்கினதா. உங்களுக்கும் எனக்கும் தெரியாதது அவனுக்குத் தெரியும். அவன் சொன்னதையும், டையின் ஒரு படத்தையும், நிமிடத்துக்கு எத்தனை அடி, ஃபிளைவீலில் எத்தனை காடி என்ற கணக்கையும் எனக்கு அனுப்புங்கள். கார்டில் சந்து எங்கே விடலாம், ஸ்லைடு எந்தப் பக்கம் வரலாம் என்று பார்த்து எழுதுகிறேன். அதுவரை அந்த ஒரு பிரஸ்ஸை மட்டுமாவது நிறுத்தி வையுங்கள்.